படகுத்துறை நகர்ந்ததற்குப் புகைப்பட ஆதாரம்

லிட்டில் கெட்டில் ஏரி,
வட மினசோட்டா.
செப்டம்பர் கடைசி வாரம்.

அன்பும் மரியாதையும் மாறாத டெனிஸ் அக்காவுக்கு,

தம்பி ரோலண்ட் எழுதுவது. இங்கே நானும் ரோண்டாவும் சௌக்கியம். ரோண்டாவுக்கு முழங்கையில் வலி, எனக்கு வயிற்றில் எரிச்சல், கூரையில் ஒழுகல். மூன்றையும் பார்க்க வேண்டியவர்கள் இதோ வருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். அரிசோனாவில் நீயும் வால்ட் அத்தானும் வெயிலைத் தவிர வேறு குறை ஏதுமின்றி இருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். குறை இருந்திருந்தால் அத்தான் இதற்குள் எல்லோருக்கும் சொல்லியிருப்பார்.

அப்பா உனக்கு எழுதி வைத்த பைன்மரத் துண்டு நிலத்தை, அதாவது என் வீட்டுக்கும் டுவேன் டோலஃப்சன் வீட்டுக்கும் நடுவே நிம்மதியாகக் கிடக்கும் அந்தத் துண்டை, டுவேனுக்கே விற்றுவிடலாம் என்று இருப்பதாக வசந்தத்தில் நீ எழுதிய கடிதம் வந்து சேர்ந்தது. பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். கோபத்தோடு எழுதக் கூடாது என்று காத்திருந்தேன். கோடை முழுவதும் காத்திருந்தேன். இப்போது எனக்குக் கோபம் துளியும் இல்லை. வடிகால் தண்ணீர் ஓடுகிற பக்கத்தை அப்பா ஏன் எனக்கும், நிழல் உள்ள பக்கத்தை ஏன் உனக்கும் கொடுத்தார் என்று நான் கேட்கப் போவதில்லை. நல்ல ஓடம் உன்னிடமும் ஓட்டை ஓடம் என்னிடமும் வந்து சேர்ந்தது எப்படி என்றும் கேட்கப் போவதில்லை. அதெல்லாம் முடிந்த கதை. வேண்டுவது ஒன்றுதான். அந்த நிலத்தை உலகத்தில் யாருக்கு வேண்டுமானாலும் விற்றுக்கொள், டுவேனுக்கு மட்டும் விற்காதே. வெறும் வாய்ப்பேச்சாகச் சொல்லவில்லை. என்னிடம் இப்போது ஆதாரம் இருக்கிறது. அது எப்படி வந்தது என்று விவரமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

டுவேன் நல்ல மனிதர் என்று எழுதியிருந்தாய். தொலைவிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். பக்கத்தில் இருந்து பார்க்கிறவன் நான். குளிர்காலத்தில் நான் எழுந்து பூட்ஸ் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வருவதற்குள் என் வண்டிப்பாதையில் இருக்கும் பனியை அவன் இயந்திரத்தால் தள்ளிவிட்டுப் போயிருப்பான். யாரும் கேட்கவில்லை. பதிலுக்கு ரோண்டாவை, இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடுக்கி ஒரு ஹாட்டிஷ் சுட்டுக் கொடுக்கச் சொன்னேன். மறுநாள் அந்தப் பாத்திரத்தைக் கழுவி, அதில் ருபார்ப் தண்டு வைத்த இனிப்பு அப்பம் சுட்டுத் திருப்பித் தந்தான். நான் சீமைச்சுரைக்காய் கொண்டுபோய் வைத்தேன். அவன் தக்காளி வைத்தான். இப்படி ஆண்டுக் கணக்கில் அவன் என்னை விடாமல் தாக்கிக்கொண்டிருக்கிறான். நானும் சளைக்காமல் திருப்பித் தாக்குகிறேன். ஆனால் எப்போதும் கடைசியாகக் கொடுத்தவன் அவனாகவே இருக்கிறான். இதை ஊரில் யாரிடம் சொன்னாலும் "பாவம், எவ்வளவு நல்லவர்" என்று என் முகத்தையே பார்க்கிறார்கள். இதற்கெல்லாம் நான் புகார் சொல்லவில்லை. என் புகார் படகுத்துறையைப் பற்றியது.

ஏரி உறைவதற்கு முன் எல்லோரும் துறையைப் பலகை பலகையாகக் கழற்றிக் கரையேற்றுகிறோம், பனி உருகியதும் மறுபடி தண்ணீரில் இறக்குகிறோம். நீயும் சிறுவயதில் பலகை பிடித்தவள்தான், மறந்திருக்க மாட்டாய். தண்ணீரில் எல்லைக்கல் கிடையாது. வசந்தத்தில் முதலில் இறக்குகிறவன் நினைத்த இடத்தில் இறக்கிவிடுகிறான். டுவேன்தான் எப்போதும் முதலில் இறக்குகிறான். ஒவ்வொரு வசந்தத்திலும் அவன் துறை உன் கரைப்பக்கமாக ஒரு சாண் நகர்ந்து வருகிறது என்பது என் நெடுநாள் கணிப்பு. இதைச் சொன்னால் ரோண்டா நம்புவதில்லை. "அது அங்கேயேதாங்க இருக்கு. நீங்கதான் வருஷா வருஷம் நாற்காலிய அந்தப் பக்கம் நகர்த்திப் போட்டு உக்காந்து பாக்குறீங்க" என்கிறாள். ஆகவே நிலத்தை வாங்குவதற்கு முன்பே அதன் முன்னால் இருக்கும் தண்ணீரை ஒருவன் தின்றுகொண்டிருக்கிறான் என்று ஆகஸ்ட் மாத ஏரிச் சங்கக் கூட்டத்தில் நிரூபித்துவிட்டால், நீ அவனுக்கு விற்க மாட்டாய் என்று முடிவு செய்தேன். அதற்குத்தான் கேமரா.

கைப்பேசியில் எடுத்திருக்கலாமே என்று கேட்பாய். முடியாது. முன்பு ஒரு கோடையில் டுவேன் ஒரு வால்ஐ மீனைப் பிடித்து, அதைக் கை நீட்டிக் கேமராவுக்கு அருகே பிடித்தபடி படம் எடுத்துச் சங்கத்தின் பரிசை வாங்கினான். அந்த மீன் கணினியில் பெரிதாக்கப்பட்டது என்பது என் சந்தேகம். அடுத்த கூட்டத்திலேயே ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன்: இனி இந்தச் சங்கத்தின் முன் வைக்கப்படும் எந்தப் படமும் ஃபிலிமில் எடுக்கப்பட்டு, நெகட்டிவோடு வர வேண்டும். பள்ளியில் இருபது வருஷம் வரலாறு நடத்தியவன் என்பதால் மூலச்சான்றின் அவசியம் குறித்துக் கொஞ்சம் விரிவாகப் பேசினேன். நான் உட்கார வேண்டும் என்பதற்காகவே ஒருமனதாக நிறைவேற்றினார்கள். தீர்மானத்தை வழிமொழிந்தவன் டுவேன். இதையும் குறித்துக்கொள்.

ஆக, ஊரிலேயே ஃபிலிம் கேமரா தேவைப்பட்ட ஒரே மனிதன் நான். லூதரன் தேவாலயத்தில் பழைய பொருள் விற்பனை நடந்தபோது போனேன். மேசையில் இருந்தவர் ஆர்டிஸ் நைகார்ட் அம்மாள். தேவாலயத்துக்கும் ஏரிச் சங்கத்துக்கும் அவர்தான் செயலாளர். அங்கே மாவு சலிக்கும் சல்லடைக்கும் தலை போன கிறிஸ்துமஸ் குடில் பொம்மைக்கும் நடுவில் அந்தக் கேமரா கிடந்தது. வெள்ளி நிறம். சவர்க்காரக் கட்டி அளவு. மேலே ஒரு பொத்தானை அழுத்தினால் ஓட்டுக்குள்ளிருந்து ஆமை தலை நீட்டுவதுபோல லென்ஸ் வெளியே வரும். இன்னும் அழுத்தினால் இன்னும் நீளும். அந்த நீளத்தைப் பார்த்ததும் எனக்கு டுவேனின் துறை நினைவுக்கு வந்தது. என் வராந்தாவில் உட்கார்ந்தபடியே, அவன் நிலத்தில் கால் வைக்காமல், அவனை அருகில் பார்க்கலாம்.

"யாருக்குப்பா கேமரா? பேத்திக்கா?" என்றார் ஆர்டிஸ் அம்மாள்.

"எனக்குத்தான்."

"ஃபிலிம் போடணும், தெரியும்ல? சும்மா அமுக்குனா வராது."

"தெரியும்."

"போன வாரம் ஒரு பொண்ணு இதே மாதிரி ஒண்ணு வாங்கிட்டு, படம் எங்க வரும்னு பின்பக்கத்தைத் தட்டித் தட்டிப் பாத்துச்சு. நீ படிச்சவன், உனக்குத் தெரியாதா என்ன. எதைப் படம் எடுக்கப் போற?"

"பறவைகளை" என்றேன். தேவாலயத்தில் நின்றுகொண்டு பொய் சொல்லும்படி ஆனதற்கும் காரணம் டுவேன்தான்.

அந்தக் கேமராவுக்கு வேண்டிய பேட்டரி சின்னப் பீப்பாய் போல் இருக்கும். பெரிய ஊர் வரை வண்டி ஓட்டிப் போய்க் கேட்டேன். கடைக்காரப் பையன் அதைப் பூட்டிய கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து நகை எடுப்பதுபோல எடுத்துத் தந்தான். கேமராவை விடப் பேட்டரிதான் விலை. ஃபிலிம் பேட்டரியை விட விலை. அதைக் கழுவித் தர இப்போது பக்கத்து மருந்துக்கடையில் ஆள் இல்லை, அஞ்சலில் வேறு மாநிலத்துக்கு அனுப்ப வேண்டும், அந்தக் கூலி எல்லாவற்றையும் விட அதிகம். நான் இதைப் பெரிதுபடுத்தவில்லை. நீதிக்காகச் செலவு செய்கிறோம் என்ற எண்ணம் ஒரு மனிதனுக்கு எவ்வளவு தெம்பைக் கொடுக்கும் என்பதை நீ அறிய மாட்டாய்.

முதல் ஃபிலிமை ஒரு வாரம் எடுத்தேன். துறை, துறையின் கால்கள், துறையின் மேல் டுவேன், துறைக்கும் உன் மரங்களுக்கும் நடுவே உள்ள தண்ணீர். கேமராவின் மேல் ஒரு சின்னக் கட்டத்தில் பூஜ்யம் மினுக்கிக்கொண்டே இருந்தது. எத்தனை படம் எடுத்தாலும் பூஜ்யம். பழைய சாமான், எண்ணும் பகுதி பழுதாகியிருக்கும் என்று நினைத்தேன். அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து ஃபிலிம் கண்ணாடிபோல் தெளிவாகத் திரும்பி வந்தது. கூடவே ஒரு சிறு துண்டுச்சீட்டு: ஃபிலிமின் நுனி பல்சக்கரத்தில் மாட்டவேயில்லை, ஆனாலும் எங்களைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி. பூஜ்யம் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. இந்த ஏரிக்கரையில் உண்மை பேசிய ஒரே பொருளை நான் நம்பாமல் போனேன்.

இரண்டாம் ஃபிலிமை ஒழுங்காக மாட்டினேன். இந்த முறை ரகசியமாகச் செய்வது என்று தீர்மானம். கொசுவலை அடித்த வராந்தாவுக்குள், விளக்கை அணைத்துவிட்டு, நாற்காலிக்குப் பின்னால் மண்டியிட்டுக் காத்திருந்தேன். பொழுது சாய்கிற நேரத்தில் டுவேன் துறைக்கு வந்து குனிந்து ஒரு கயிற்றை அவிழ்த்தான். லென்ஸை முழுக்க நீட்டினேன். அது நீளும்போது காப்பிக்கொட்டை அரைக்கிற சத்தம் போடும் என்பதை அதுவரை நான் பொருட்படுத்தியதில்லை. அமைதியான ஏரி. டுவேன் நிமிர்ந்தான். நான் பொத்தானை அமுக்கினேன். ஃபிளாஷ் அடித்தது. ஃபிளாஷை நான் அணைத்துத்தான் வைத்திருந்தேன். ஆனால் இந்தக் கேமரா ஒவ்வொரு முறை அணைத்துப் போடும்போதும் நம் விருப்பத்தை மறந்துவிடுகிறது. வராந்தா முழுவதும் மின்னல் வெட்டியதுபோல் ஆயிற்று. நான் மண்டியிட்ட நிலையில், ரோண்டாவின் பூப்போட்ட போர்வையைத் தலையில் போர்த்திக்கொண்டு இருந்ததை ஏரியின் எதிர்க்கரை வரை பார்த்திருப்பார்கள்.

"யாரு, வாத்தியாரா?" என்று கூவினான் டுவேன். "ஃபோட்டோ எடுக்குறீங்களா? இருங்க இருங்க, தொப்பிய எடுத்துடறேன். இந்தப் பக்கம் திரும்பட்டுமா?"

"அப்படியே இருங்க" என்றேன்.

"மீனு ஒண்ணு கைல வச்சுக்கட்டுமா? ஐஸ்பெட்டில இருக்கு."

"வேணாம்."

"பல்லு தெரியலாமா?"

அன்றிலிருந்து அவன் என்னைக் கண்டால் நின்று தலைமுடியைக் கோதிக்கொள்ள ஆரம்பித்தான். காலையில் நான் காப்பியோடு வராந்தாவுக்கு வந்தால் துறையின் நுனியில் போய் இடுப்பில் கை வைத்து நிற்பான். கையில் துடுப்பு. ஒரு நாள் நல்ல சட்டை. ஆதாரம் திரட்டுகிறவனுக்கு எதிரி ஒத்துழைப்பதைப் போன்ற இடைஞ்சல் வேறில்லை. ரோண்டா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "பாவம், தலைய நல்லா சீவிட்டு வந்திருக்காரு. ஒண்ணு எடுத்துத்தான் குடுங்களேன்" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னைக் காட்டி, இவரை ஒரு படம் எடுங்கள் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அந்தப் படங்கள் கணினியில் வந்தன. முப்பத்தாறு படங்கள். முப்பத்தாறிலும் கொசுவலை. ஒவ்வொரு கண்ணியும், அதில் சிக்கிச் செத்த ஒவ்வொரு கொசுவின் காலும் அவ்வளவு துல்லியம். கேமரா தனக்கு முதலில் தட்டுப்படுவதில் கண்ணை நிறுத்திக்கொள்ளும் ஜாதியாம். வலைக்குப் பின்னால் ஒரு நீலக் கலங்கல். அது டுவேனாக இருக்கலாம், தென்மேற்கு வானமாகவும் இருக்கலாம். நெகட்டிவைக் கேட்டால், படிவத்தில் நெகட்டிவ் வேண்டும் என்ற கட்டத்தில் டிக் அடிக்காதவர்களின் நெகட்டிவை எறிந்துவிடுவோம் என்றார்கள். ஒரு நாட்டில் சான்றுகளை எறிந்துவிட்டுப் பிரதிகளை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள் என்றால், அந்த நாட்டில் வரலாறு சொல்லிக்கொடுத்தவன் சீக்கிரம் ஓய்வு பெற்றதில் ஆச்சரியம் என்ன?

மூன்றாம் ஃபிலிம். வலை வேண்டாம், ரகசியமும் வேண்டாம். பட்டப்பகலில் என் துறையின் கரைப்பக்க முனையில் போய் நின்றேன். லென்ஸை அது போகிற மட்டும் நீட்டினேன். டுவேன் தன் துறையில் படகுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான். கூவினான்: "கேமராக்காரரே, வயித்த உள்ள இழுத்துக்கட்டுமா?" நான் பொத்தானை அமுக்கினேன். டிக் அடித்து அனுப்பினேன்.

அக்கா, அந்தப் படத்தை நீ பார்க்க வேண்டும். இத்துடன் பிரதி வைத்திருக்கிறேன். டுவேனின் துறை என் துறையின் தோளில் சாய்ந்துகொண்டு நிற்கிறது. நடுவில் உன் பைன்மரங்கள் இருந்த இடம் ஒரு கோடாக ஒடுங்கிவிட்டது. அவன் கையிலிருக்கும் பெயின்ட் பிரஷ் என் படகில் சொட்டுவதுபோல் இருக்கிறது. இதற்குப் பக்கத்தில், வால்ட் அத்தான் முன்பு இங்கே நடந்த குடும்பச் சந்திப்பின்போது அதே இடத்திலிருந்து, பெரிய லென்ஸ் எதுவும் இல்லாமல் எடுத்த படத்தை வைத்துப் பார். அதில் அவன் துறை எங்கோ தொலைவில் தீக்குச்சிபோல் கிடக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். அவ்வளவு தூரம் நகர்ந்திருப்பான் என்று நானே எதிர்பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு அவன்மேல் கொஞ்சம் மரியாதைகூட வந்தது.

சங்கத்தின் ஆண்டுக்கூட்டம் ஊர்மண்டபத்தில் நடந்தது. வழக்கம்போல ஆளுக்கொரு பாத்திரம். உருளைக்கிழங்கு உருண்டை அடுக்கிய ஹாட்டிஷ் மட்டும் நாலு வகை, பச்சை ஜெல்லி சாலட், தட்டில் கடைசியாக ஒரே ஒரு இனிப்புத் துண்டு. அதை எடுக்க யாருக்கும் மனம் வராமல் சுற்றிச் சுற்றி வந்தார்கள். நீர்ப்பாசி பற்றிய அறிக்கை முடிந்ததும் நான் எழுந்து, குரலை உயர்த்தாமல், பெயர் எதையும் சொல்லாமல், "இந்த ஏரியில் ஒரு படகுத்துறை" என்று தொடங்கி விஷயத்தைச் சொல்லிப் படத்தையும் நெகட்டிவையும் சுற்றுக்கு விட்டேன். எல்லோரும் டுவேனைப் பார்த்தார்கள். டுவேன் வாயில் ஹாட்டிஷ்.

படம் முதலில் ஆர்டிஸ் அம்மாளிடம் போனது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மூலையில் அச்சாகியிருந்த தேதியைப் பார்த்தார்.

"இதுல 96-ம் வருஷம்னு போட்டிருக்கே."

"அந்தக் கேமராவின் காலண்டர் பழையதும்மா. இந்த வருஷம் அதில் கிடையாது. ஏதாவது ஒன்றை வைக்க வேண்டியிருந்தது."

"டுவேன் இங்க வீடு வாங்குனதே அதுக்கப்புறம் எட்டு வருஷம் கழிச்சுத்தானே?"

"வர்றதுக்கு முன்னாடியே துறைய நகர்த்திட்டாரு. கில்லாடிதான்" என்று பின்வரிசையில் ஒரு குரல். சிரித்தார்கள். நான் அந்தக் குரலை அடையாளம் கண்டுகொண்டேன். நேரம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

படம் அடுத்த வரிசைக்குப் போனது. அங்கே ஒருவர் அதைத் தூரப் பிடித்தார், பக்கத்தில் பிடித்தார். "வாத்தியாரே, எதிர்க்கரைல இருக்குற தண்ணித்தொட்டி இதுல டுவேன் தலைக்குப் பின்னாடியே நிக்குது?"

"ஆமா, பாருங்க, தொப்பி போட்ட மாதிரி."

"அந்தக் கரையவும் டுவேன்தான் இழுத்துட்டு வந்தாரா?"

"ஏரியே சுருங்கிப் போச்சு போல. அதான் மீன் கெடைக்கல."

இந்தக் கட்டத்தில் நான் ஒளியியலைப் பற்றி ஒரு சிறு விளக்கம் தரத் தயாராக இருந்தேன். தர முடியாமல் போனதற்குக் காரணம் டுவேன். அவன் எழுந்து என் பக்கம் பேசினான். அக்கா, இதற்கு மேல் ஒரு மனிதனை எப்படி அவமானப்படுத்துவது?

"சிரிக்காதீங்கப்பா" என்றான். "நல்லாத்தானே எடுத்திருக்காரு. நான் இவ்வளவு ஒல்லியா எந்தப் படத்துலயும் இருந்ததில்ல. வாத்தியாரே, எனக்கு ரெண்டு பிரதி வேணும், ஒண்ணு பையனுக்கு. அப்புறம், துறை உங்களுக்கு இடைஞ்சலா இருக்குன்னா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நான் நாளைக்கே அந்தப் பக்கம் மாத்திக்கறேன்."

"மாத்த வேணாம். அதுக்காகச் சொல்லல" என்றேன். வேறு எதற்காகச் சொன்னேன் என்று எனக்கே அந்த நிமிஷம் தெரியவில்லை.

"பரவால்ல, பரவால்ல. ஒரு வேலையா அது?"

மறுநாள் காலை, இடுப்பெலும்பில் கோளாறு உள்ள அந்த மனிதன் மார்பளவு தண்ணீரில் இறங்கித் துறையைப் பலகை பலகையாகக் கழற்றித் தன் நிலத்தின் மறுகோடியில், பாசியும் சேறும் மண்டிய பக்கத்தில், கொண்டுபோய் வைத்தான். நான் உதவிக்குப் போனேன். "நீங்க வேணாம், உங்க வயித்து எரிச்சலுக்கு ஆகாது" என்று அனுப்பிவிட்டான். இப்போது அவன் படகு சேற்றில் உட்கார்ந்திருக்கிறது. சாலையில் போகிற வருகிற எல்லோரும் முதலில் அதைப் பார்க்கிறார்கள், பிறகு என் வீட்டைப் பார்க்கிறார்கள். தபால்காரர் அன்றிலிருந்து என்னிடம் வானிலை பேசவில்லை. நம் ஊரில் இதற்கு என்ன பொருள் என்று உனக்குத் தெரியும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். மூன்றாம் ஃபிலிமை அனுப்புவதற்கு முன் ஒரு நாள் என் துறையில் நின்று லென்ஸை நீட்டாமல், உள்ளே இழுத்த நிலையில் ஒரு படம் எடுத்திருந்தேன். அதுவும் அதே ஃபிலிமில் வந்தது. அதில் டுவேனின் துறை தொலைவில், வால்ட் அத்தானின் படத்தில் இருந்த அதே இடத்தில் கிடக்கிறது. லென்ஸ் நீண்டால் துறை வருகிறது, லென்ஸ் உள்ளே போனால் துறையும் போகிறது. உற்றுப் பார்க்கும்போது மட்டும் நெருங்கி வருகிற ஒரு துறையைப் பற்றி நீ என்ன நினைப்பாயோ எனக்குத் தெரியாது. எனக்கு அது நேர்மையான துறையின் நடத்தையாகப் படவில்லை.

இவ்வளவும் எழுதியது எதற்கென்றால், அவனைப் போன்ற ஒருவனுக்கு அந்த நிலத்தைக் கொடுத்தால் என் கதி என்ன என்பதை நீ யோசிக்க வேண்டும். இப்போது நடுவில் உன் மரங்களாவது இருக்கின்றன. அவையும் அவனுடையவை என்று ஆகிவிட்டால், விழுகிற ஒவ்வொரு சருகையும் பொறுக்கிக் கட்டிக்கொண்டு வந்து என் அடுப்பங்கரையில் அடுக்கிவிட்டுப் போவான். நான் எதைத் திருப்பிக் கொடுப்பேன்? நமக்குள் ஆயிரம் இருக்கலாம், ஓடம் உட்பட. ஆனாலும் நீ என் கூடப்பிறந்தவள். வேறு யாராவது வந்தால் கொடுத்துவிடு. யாராக இருந்தாலும் எனக்குச் சம்மதம்.

வால்ட் அத்தானுக்கு என் வணக்கமும், அவர் முழங்காலுக்கு என் விசாரிப்பும். உங்கள் கிழநாய்க்கு ரோண்டாவின் முத்தம். ஆண்டவர் உங்கள் இருவரையும் நல்ல சுகத்தோடும், குளிர்சாதனம் பழுதாகாமலும் காக்கட்டும்.

என்றும் மாறாத பாசத்துடன்,
தம்பி ரோலண்ட்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டிய பிறகு டுவேன் வந்தான். அதனால் உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன். கையில் இலவங்கப்பட்டை கேக் இருந்தது. உள்ளே வரச் சொன்னேன், வேண்டாம் என்றான். மறுபடி சொன்னேன், வேண்டாம் என்றான். மூன்றாம் முறை சொன்னதும் வந்து உட்கார்ந்தான். வானிலையைப் பேசினோம். பாசியைப் பேசினோம். காப்பி ஆறிப்போன பிறகு, எழுந்து கதவுப்பக்கம் போய், பிடியில் கை வைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னான்.

"டெனிஸ்கிட்ட அந்த நிலத்தக் கேட்டிருந்தேன் இல்ல, வேணாம்னு சொல்லிடலாம்னு இருக்கேன் வாத்தியாரே. உங்களுக்கு அதுல அவ்வளவா இஷ்டம் இல்லேன்னு தோணுச்சு."

"நான் அப்படி எங்கே சொன்னேன்?" என்றேன்.

"சொல்லல, சொல்லல. எனக்கு இந்த இடுப்ப வச்சுக்கிட்டு மாடிப்படி ஏற முடியல. என் நிலத்துல கெணறும் கழிவுத்தொட்டியும் போக வேற வீடு கட்ட எடம் இல்ல. அந்த மரத்தடில மட்டமா, படி இல்லாம, சின்னதா ஒண்ணு கட்டிக்கலாம்னு பாத்தேன். அது இல்லேன்னா பரவால்ல. பையன் ஃபார்கோவுக்கு வந்துருங்கறான். வீட்ட ஒரு கம்பெனி கேக்குது, நல்ல மாதிரிதான் பேசுனாங்க. வாரவாடகைக்கு விடுவாங்களாம். பன்னெண்டு பேர் தங்கற மாதிரி. தண்ணி ஸ்கூட்டர் நாலு வாங்கிப் போடறாங்களாம். கரையில ஸ்பீக்கர் வைக்கறாங்க. டெனிஸ் நெலத்தையும் சேத்துக் கேக்கப் போறாங்கன்னு நெனைக்கறேன். நீங்க தனியா இருக்க மாட்டீங்க, கலகலன்னு இருக்கும்."

கேக்கை மேசையில் வைத்துவிட்டுப் போனான். போகிற வழியில் என் குப்பைத்தொட்டியைச் சாலையோரம் இழுத்து வைத்துவிட்டுப் போனான்.

அக்கா, மேலே எழுதியிருப்பதை எழுதாததாக நினைத்துக்கொள். யாராக இருந்தாலும் சம்மதம் என்ற வரியை முக்கியமாக அடித்துவிடு. அந்தக் கம்பெனி கூப்பிட்டால் நீ வீட்டில் இல்லை. டுவேனுக்கு இன்றைக்கே தொலைபேசியில் பேசி, நிலம் அவனுக்குத்தான் என்று சொல்லிவிடு. பேரம் பேசாதே. வேண்டாம் என்பான், இரண்டு முறை. மூன்றாம் முறை கேட்கும்வரை தொலைபேசியை வைக்காதே. பத்திரம் எழுதும்போது துறை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்று ஒரு வரி சேர்த்துவிடு.

நான் சொல்லித்தான் விற்கிறாய் என்று மட்டும் அவனிடம் சொல்லிவிடாதே. அவன் நன்றி சொல்ல வந்துவிடுவான்.